கிரவுண்டுக்கு டூ ஸ்டார், கிளாஸுக்கு ஒன் ஸ்டார்கூட கிடையாது: வேலூரில் ஒரு போலீஸ் கோச்சிங் சென்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சென்டர் பேர் எழுதப் போவதில்லை. அங்கே இருக்கிற கிரவுண்டு மாஸ்டர் நல்ல மனுஷன், அவர் பிழைப்பில் நான் மண் போட விரும்பவில்லை. அதோடு, விசாரித்த வரைக்கும் வேலூரைச் சுற்றி இருக்கிற பாதி சென்டர்கள் இதே கதைதான், பெயிண்ட் கலர்தான் வேறு. ஆகவே காவலர் தேர்வுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் எந்த சென்டராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு ஊசூர் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு டவுனில் ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும்போது தினம் அந்த பேனர் கண்ணில் படும்: இரண்டு ஸ்டார் வைத்த காக்கி யூனிஃபார்மில் ஒரு பையன், பின்னால் சென்னை வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் கட்டடம், மேலே 'நீங்களும் ஆகலாம் சென்னை போலீஸ்'. அந்தப் படத்தில் இருக்கிற ஸ்டார் எஸ்.ஐ.யுடையது, இவர்கள் நடத்துவதோ இரண்டாம் நிலைக் காவலர் கிளாஸ், அந்தக் காவலருக்குத் தோளில் ஸ்டாரும் கிடையாது, கையில் பட்டையும் கிடையாது என்பதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்? போய் 14,000 ரூபாய் கட்டிவிட்டேன், இரண்டு தவணை. ஹாஸ்டல் தனி. ஹாஸ்டல் பற்றி ஒரு வரி போதும்: இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கத்திரிக்காயை இவ்வளவு மோசமாகவும் சமைக்க முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

கிரவுண்டு பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாஸ்டர் ரிட்டயர்டு ஏட்டையா. காலை நாலே முக்காலுக்கு விசில். ஏன் இத்தனை சீக்கிரம் என்று கேட்டால், 'வேலூர் வெயில்லே எட்டு மணிக்கு ஓடிப் பாரு, நீ போலீஸ் ஆவறதுக்கு முன்னாடி பொணம் ஆயிடுவே' என்பார். ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிடத்தில் ஓட வேண்டும், அதாவது 400 மீட்டர் டிராக்கில் நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. கேட்க சுலபமாக இருக்கும். முதல் சுற்றை எல்லாரும் குதிரை மாதிரி ஓடி, மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மாஸ்டர் செய்தது ஒன்றுதான், முதல் ஒரு மாதம் யாரையும் வேகமாக ஓட விடவில்லை. ஒவ்வொரு சுற்றையும் ஒரே நேரத்தில் முடிக்கணும், முந்தினால் திட்டு, பிந்தினாலும் திட்டு. இரண்டாவது மாதக் கடைசியில் பேட்ச்சில் முக்கால்வாசிப் பேர் ஆறரை நிமிடத்துக்குள் வந்துவிட்டோம்.

கயிறு ஏறுவதுதான் எனக்கு எமன். உடற்திறன் தேர்வில் ஸ்டார் கணக்கில்தான் மார்க்: 5 மீட்டர் ஏறினால் ஒன் ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் டூ ஸ்டார். நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டருக்கு ஒன்று, 4.50-க்கு இரண்டு. 100 மீட்டர் ஓட்டத்தில் 15 வினாடிக்கு ஒன்று, 13.5-க்கு இரண்டு. கிரவுண்டில் யாரும் மார்க் என்று பேச மாட்டார்கள், 'அவன் மூணுலயும் டூ ஸ்டார்டா' என்றுதான் பேச்சு. கயிற்றில் உள்ளங்கைத் தோல் உரிந்து, மஞ்சள் எண்ணெய் தடவி, மறுநாள் அதே கையோடு திரும்ப ஏறச் சொல்வார். கால் பூட்டுப் போடுகிற வித்தையை அவர் கற்றுக்கொடுத்த விதத்துக்கே பாதி ஃபீஸ் தகும். அப்புறம் உயரம். 170 சென்டிமீட்டர் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 167. என் கூட இருந்த ஒருவனுக்கு 169-க்கும் 170-க்கும் நடுவே ஊசலாட்டம். காலையில் எழுந்தவுடன் மனிதன் கொஞ்சம் உயரமாக இருப்பான், நாள் முழுக்க நின்றால் முதுகெலும்பு அழுந்திக் குறையும். அதனால் அளக்கிற நாளன்று வரிசையில் நிற்காமல் முடிந்தவரை படுத்துக் கிட என்று சொல்லி அனுப்பினார். நேதாஜி மைதானத்துக்கு வெளியே மரத்தடியில் துண்டு விரித்து அவன் படுத்துக் கிடந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தேறிவிட்டான்.

சரி, இப்போது கிளாஸ்.

எழுத்துத் தேர்வு இரண்டு பகுதி. முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு, 80 கேள்வி, 40 சதவீதம், அதாவது 32 எடுத்தால்தான் அடுத்த பேப்பரையே திருத்துவார்கள். இரண்டாவது 70 கேள்வி, அதில் 45 பொது அறிவு, 25 உளவியல். 70 எழுத்துக்கு, 24 உடற்திறனுக்கு, 6 சிறப்பு மதிப்பெண், மொத்தம் 100. இவ்வளவும் காவலர் தேர்வை நடத்துகிற சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்பிலேயே இருக்கிறது, இலவசமாக. சென்டரில் இதைச் சொல்ல ஒரு 'ஓரியன்டேஷன் டே' வைத்து, மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றினார்கள்.

மெட்டீரியல் என்று ஒரு ஸ்பைரல் பைண்டிங் கொடுத்தார்கள். முதல் வாரமே திறந்து பார்த்தால் 'தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32' என்று போட்டிருக்கிறது. 38 ஆகி எத்தனை வருடம் ஆகிறது! வேறு ஊர் சென்டர் என்றால்கூட மன்னித்துவிடலாம். வேலூரை மூன்றாக வெட்டி ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019 நவம்பர் 28-ம் தேதி பிரித்துக் கொடுத்தார்கள், பேட்ச்சில் பாதிப் பேர் அந்த இரண்டு மாவட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், அவர்களுக்கே அவர்கள் மாவட்டம் இல்லாத புத்தகம். கேட்டதற்கு சார் சொன்ன பதில், 'பேனாவால திருத்திக்கோங்கப்பா'. அதே புத்தகத்தில் சென்னைக்கு ஒரே கமிஷனர். 2022 ஜனவரியில் தாம்பரம், ஆவடி என்று இரண்டு தனி கமிஷனரேட் பிரித்துவிட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்ததையும் சொல்ல வேண்டும், 2024 ஜூலை 1-ம் தேதியோடு அந்தச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாகிவிட்டது, இப்போதைய பேட்ச்சுக்கும் அதே பைண்டிங்தான் கொடுக்கிறார்கள் என்று கேள்வி.

உளவியல் 25 மார்க். பெயர்தான் உளவியல், உள்ளே முக்கால்வாசி கணக்கும் காரண அறிவும். எண் தொடர், ரத்த உறவு, திசை, கடிகாரம். பழகினால் இருபதுக்கு மேல் வாங்கலாம் என்கிற பகுதி இது, இதை 'கடைசி பத்து நாள்ல முடிச்சிடலாம்' என்று தள்ளித் தள்ளி, கடைசியில் நாலு கிளாஸோடு முடித்தார்கள். எனக்கு அடி விழுந்தது இங்கேதான்.

ஆனால் என் பெரிய கோபம் மார்க்கில் இல்லை. நாங்கள் எந்த வேலைக்குப் போகிறோம் என்பதையே எட்டு மாதம் யாரும் சொல்லவில்லை. காவலர் தேர்வு எழுதினால் ஸ்டேஷனில் போய் உட்காரலாம் என்றுதான் நான் நினைத்தேன், பக்கத்தில் இருந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அப்படி இல்லை. தேர்வாகும் இரண்டாம் நிலைக் காவலர் முதலில் போவது ஆயுதப்படைக்கு, இல்லையென்றால் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கு, அதாவது இங்கிலீஷில் சுருக்கி டி.எஸ்.பி. (TSP) என்கிற பட்டாலியனுக்கு. ஸ்டேஷனுக்கு வருவதெல்லாம் அங்கே வருடக்கணக்கில் பந்தோபஸ்து பார்த்த பிறகு. நேராக ஸ்டேஷனுக்குப் போக ஆசை இருந்தால் டிகிரி முடித்து எஸ்.ஐ. தேர்வு எழுத வேண்டும், அதிலும் தாலுகா எஸ்.ஐ. இதே காவலர் தேர்வில்தான் சிறைக் காவலரும் தீயணைப்பு வீரரும் எடுக்கிறார்கள்.

நான் எழுதின 2023 அறிவிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,359 இடம். ஆயுதப்படையில் 780, அது அத்தனையும் பெண்களுக்கு. ஆண்களுக்குக் காவல் துறையில் இருந்தது சிறப்புக் காவல் படையின் 1,819 இடம் மட்டும். மிச்சம் 86 சிறை, 674 தீயணைப்பு. அதாவது அந்த வருடம் அந்த பேனரைப் பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டின ஒரு ஆண்கூட நேராகச் 'சென்னை போலீஸ்' ஆகியிருக்க முடியாது, முதல் மார்க் வாங்கியிருந்தாலும். அறிவிப்பு வந்த அன்றைக்கே அது சென்டருக்குத் தெரியும். பேனரை மாற்றவில்லை. நான் வீட்டில் போய் 'டி.எஸ்.பி.க்கு எழுதறேன்' என்று சொல்ல, அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் 'எம் பையன் டி.எஸ்.பி. ஆகப் போறான்' என்று சொல்லிவிட்டார். அந்த டி.எஸ்.பி. (DSP) பெரிய அதிகாரி, வேறும்மா, இது பட்டாலியன் என்று விளக்குவதற்குள் தெருவே தெரிந்துகொண்டது. எங்களுக்கு ரொம்ப தூரம்கூட இல்லை, சேவூரில் பதினைந்தாவது பட்டாலியன் இருக்கிறது. ஒரு நாள் அங்கே வேலை பார்க்கிற யாரையாவது கூப்பிட்டு அரை மணி நேரம் பேச வைத்திருந்தால் போதும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால் ஒரு மழை நாளில். கிரவுண்டில் தண்ணீர், ஓட முடியாது. எல்லாரையும் ஷெட்டுக்குள் உட்கார வைத்து ஏட்டையா பேச ஆரம்பித்தார். எட்டு மாதத்தில் உருப்படியான கிளாஸ் அது ஒன்றுதான், அதுவும் டைம்டேபிளில் இல்லாதது. வேலூரைப் பற்றி ஒரு பழமொழி சொல்வார்களே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, அதிகாரம் இல்லாத போலீஸ் என்று, அங்கிருந்து தொடங்கினார். கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டது, பாலாற்றில் எப்போதாவது தண்ணீரும் வருகிறது. அதிகாரம் இல்லாத போலீஸ் யார் என்றால், கோட்டைக்குள் பயிற்சி எடுத்த போலீஸ்காரர்கள். யூனிஃபார்ம் இருக்கும், கேஸ் போட முடியாது. அந்தக் காலத்தில் எஸ்.ஐ.களுக்கான பயிற்சிக் கல்லூரியே கோட்டையில்தான் இருந்தது. 'நீங்களும் பாஸ் பண்ணா கொஞ்ச நாளைக்கு அந்தப் பழமொழிதான்டா' என்றார்.

அப்புறம் மாவட்டத்துக்கும் மாநகரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று. இங்கே எஸ்.பி., ஏ.டி.எஸ்.பி., டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர் என்று போகும். சென்னையில் கமிஷனர், கூடுதல் கமிஷனர், இணை கமிஷனர், துணை கமிஷனர், உதவி கமிஷனர். இங்கே எஸ்.பி. எந்த ரேங்க்கோ அங்கே துணை கமிஷனர் அந்த ரேங்க், டி.எஸ்.பி.க்குச் சமம் உதவி கமிஷனர். பெயர் மட்டும் மாறவில்லை, அதிகாரமும் மாறுகிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982-ம் வருடச் சட்டத்தில் ஒருவரை உள்ளே வைக்க வேண்டும் என்றால், வேலூரில் எஸ்.பி. பரிந்துரை செய்வார், உத்தரவு போடுவது கலெக்டர். சென்னையில் கமிஷனரே உத்தரவு போடுவார். கேஸ் பிடிக்கிற துறையும் தடுப்புக் காவல் உத்தரவில் கையெழுத்துப் போடுகிற கையும் ஒன்றே. இது நல்லதா கெட்டதா என்று ஒருவன் கேட்டான். ஏட்டையா சிரித்துவிட்டு, 'அதை ஹைகோர்ட்டு அப்பப்போ சொல்லும்' என்றார். இன்ஸ்பெக்டருக்கும் மூன்று ஸ்டார், டி.எஸ்.பி.க்கும் மூன்று ஸ்டார், எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஸ்பெக்டர் தோளில் சிவப்பு நீலப் பட்டி இருக்கும், டி.எஸ்.பி.க்கு இருக்காது. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தால் முதல் நிலை ஆகப் பத்து வருடம், எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு எஸ்.ஐ. ஆக இருபது வருடத்துக்கு மேல். அவர் ஏட்டாகவே ரிட்டயர்டு ஆனது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே ஒரு விஷயம் சொன்னார், அது எங்களுக்கு முந்தைய பேட்ச்சில் இருந்த ஒரு அண்ணனுக்கு ஒரு வருடம் முன்னால் யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம். அணைக்கட்டு பக்கத்துக்காரர். எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் முடித்து, தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் பெயரும் வந்து, வீட்டில் கேசரி கிண்டி, கடைசியில் காவல் துறை முன்னடத்தை விசாரணையில் போனார். பல வருடம் முன்னால் மாடு விடும் விழாவில் இரண்டு ஊருக்கும் அடிதடி, பத்துப் பதினைந்து பேர் மேல் எஃப்.ஐ.ஆர்., அதில் இவர் பெயரும் ஒன்று. அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் பேசி, சாட்சி பிறழ்ந்து, கோர்ட்டில் விடுதலை. விடுதலை ஆகிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று அவர் நம்பினார். ஆனால் காவலர் பணி விதியில், 14(பி) என்பார்கள், சந்தேகத்தின் பலனிலோ சாட்சி பிறழ்ந்ததாலோ வந்த விடுதலை, கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே கணக்கு. இதை 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் உறுதி செய்திருக்கிறது. விண்ணப்பத்தில் மறைத்தாலோ இன்னும் மோசம், மறைத்ததற்கே நீக்குவார்கள். எங்கள் பக்கம் தை பிறந்தால் மாசி பங்குனி வரைக்கும் ஊருக்கு ஊர் மாடு விடும் விழா, அதில் தகராறு இல்லாத வருடம் கிடையாது, இந்த ஊரில் கோச்சிங் நடத்துகிறவர்கள் அட்மிஷன் ஃபாரத்தில் 'உன் மேலே கேஸ் இருக்கா தம்பி' என்று ஒரு கேள்வி வைக்க மாட்டார்களா? ரத்த வகை கேட்டிருக்கிறார்கள். கேஸ் கேட்கவில்லை. கேட்டால் 14,000 போய்விடும்.

இதில் இன்னொன்று. பெயர் சிக்கியிருக்குமோ என்று சந்தேகம் இருப்பவர்கள் யார் கையையும் காலையும் பிடிக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பாலியல் குற்றம் மாதிரி சில வகை மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல் துறையின் தளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருடம் போட்டுத் தேடிப் பார்க்கலாம். அதற்கு முந்தைய பழைய வழக்கு என்றால் வக்கீல் மூலமாகக் கோர்ட்டில் தீர்ப்பு நகல் வாங்கி, முழுசாக விடுவித்திருக்கிறதா, இல்லை சந்தேகத்தின் பலனா என்று அந்த வரியைப் படித்துப் பாருங்கள். அந்த ஒரு வரியில்தான் வேலை இருக்கிறது.

சிறப்பு மதிப்பெண் 6 என்று சொன்னேன் இல்லையா, என்.சி.சி. 2, என்.எஸ்.எஸ். 2, விளையாட்டு 2. இதைச் சென்டரில் சொன்னது அறிவிப்பு வந்த பிறகு. அப்போது போய் எந்தக் காலேஜில் என்.எஸ்.எஸ். சேர்வது? டிப்ளமோ படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை கேம்ப்புக்கு டிமிக்கி கொடுத்தவன் நான், கட்-ஆஃபில் மூன்று மார்க்கில் போனேன். அது சென்டர் தப்பு இல்லை, என் தப்பு. தம்பி தங்கைகள் ஸ்கூலில் இருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

பெண்கள் பேட்ச் பற்றி எனக்கு முழுசாகத் தெரியாது. கிரவுண்டில் அவர்களுக்கும் அதே ஏட்டையாதான், 400 மீட்டர் இரண்டரை நிமிடம், உயரம் 159. பெண்களுக்கென்று தனி மாஸ்டரோ, உடை மாற்ற ஒரு ஒழுங்கான அறையோ கிடையாது, தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். 1973-ல் பெண் போலீசை எடுக்க ஆரம்பித்த மாநிலம், 1992-ல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்த மாநிலம் என்று சுவரில் மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ரிசல்ட் வந்து மனசு சரியில்லாமல் இருந்தபோது ஒரு நாள் காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரல் போய், அங்கிருந்து எழும்பூர் பாந்தியன் சாலை. பழைய கமிஷனர் ஆபீஸ் அங்கேதான், சிவப்புக் கட்டடம், 1842-ல் கட்டினது. 1856-ல் சென்னைக்கு முதல் கமிஷனர் வந்த காலத்திலிருந்து 2013-ல் வேப்பேரிக்குப் போகிற வரைக்கும் நகரத்தின் போலீஸ் அங்கிருந்துதான் நடந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் அதைக் காவல் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். பழைய துப்பாக்கி, வாள், யூனிஃபார்ம், வயர்லெஸ் பெட்டி என்று சாவகாசமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். வேடிக்கை என்னவென்றால் நம்மை ஃபெயில் ஆக்குகிற தேர்வாணையமும் அதே வளாகம்தான். எட்டு மாதம் கிளாஸில் உட்கார்ந்ததைவிட அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்கு அதிகம் புரிந்தது. சென்டரிலிருந்து ஒரு வேன் பிடித்து எல்லாரையும் ஒரு முறை கூட்டிப்போயிருக்கலாம், டூர் என்று தலைக்கு ஐந்நூறு வாங்கினால்கூடக் கொடுத்திருப்போம்.

பணம் விஷயம்: டெஸ்ட் பேட்ச்சுக்குத் தனியாக 2,000 கேட்டார்கள், சேரும்போது எல்லாம் உள்ளடக்கம் என்றவர்கள். ரசீதில் 'கல்வி நன்கொடை' என்று எழுதியிருந்தது, அதைக் காட்டி திருப்பிக் கேட்க முடியாது. கட்டுவதற்கு முன் ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள், மெட்டீரியலைத் திறந்து மாவட்டம் எத்தனை போட்டிருக்கிறது என்று பாருங்கள், 32 என்றிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் இப்போது அங்கே இல்லை. உளவியலுக்குப் பழைய கேள்வித்தாள்களை வைத்து வீட்டிலேயே போட்டுக்கொண்டிருக்கிறேன், பிற்படுத்தப்பட்டோர் (பி.சி.) பிரிவு என்பதால் 28 வயது வரைக்கும் டைம் இருக்கிறது. காலையில் மட்டும் ஏட்டையாவின் கிரவுண்டுக்குப் போகிறேன். சென்டர் பையன்களோடு நிற்கவிடாமல் ஆபீஸில் சத்தம் போட்டார்களாம், அதனால் அவர்கள் வருவதற்கு முன்னால் நாலு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார். காசு வாங்க மாட்டேன் என்கிறார், டீ மட்டும் என் கணக்கு. நேற்று கயிற்றில் ஐந்தே முக்கால் மீட்டர் போய்க் கை வழுக்கிவிட்டது.